கவிழ்த்து வைத்த சீட்டு

ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. வாய்பாடு ஒப்புவிப்பதுபோல இதைத் தடங்காமல் சொன்ன பிறகுதான் மாமி என்னைப் பாயில் இருக்கவிட்டார். கூட்டிப் பார் என்றார். ஒரு வகைக்கு 76 வந்தது. நான்கு வகைக்கும் சேர்த்து எவ்வளவு என்று கேட்டார். 304 என்றேன். “அதுதான் விளையாட்டின் பெயர். இனி ஒருவரும் உனக்கு ஒன்றும் சொல்லித்தர மாட்டார்கள்” என்று சொல்லிவிட்டுச் சீட்டைக் கலைக்கத் தொடங்கினார்.

அது 1991ஆம் ஆண்டு. எனக்குப் பதினொரு வயது. அதற்குச் சில மாதங்கள் முன்புவரை 304 எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. அப்பா பின்னேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் நின்ற வேப்பமரத்தடியில் விளையாடிவிட்டு வருவார். பெண்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியது. மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி என்று ஒவ்வொன்றுக்கும் தடை வந்தது. பொழுதுபட்ட பிறகு படலையைத் திறக்க ஒருவரும் துணியவில்லை. வேப்பமரத்தடி வெறிச்சோடிப் போனது. சீட்டுப் பிடித்துப் பழகிய கை அப்பாவுக்கு. எத்தனை நாள்தான் பொறுப்பார். ஒரு மாலை அலுமாரி லாச்சியிலிருந்து ஒரு கட்டை எடுத்துவந்து விறாந்தையில் வைத்தார். அம்மாவுக்கு விளையாடத் தெரியும் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. மாமிக்கு அவர்கள் இருவரையும்விட நன்றாகத் தெரியும் என்பது மறுநாள் தெரிந்தது.

மாமி அப்பாவின் மூத்த அக்கா. எங்களோடுதான் இருந்தார். சிறுவயதில் அண்ணன்மாருக்கு ஆள் குறைகிற நாட்களில் நான்காவது கையாக உட்கார்ந்து பழகியவர். ஆள் சேர்ந்தவுடன் எழுப்பி அனுப்பிவிடுவார்களாம். அதனால்தானோ என்னவோ, நான்காவது ஆளுக்கு யாரைப் பிடிப்பது என்று அப்பா யோசித்துக்கொண்டிருக்கையில், “ஏன், பிள்ளை இருக்கிறாளே” என்று என்னைக் காட்டினார். தனக்கு எதிரேதான் நான் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். எதிரே இருப்பவர் கூட்டாளி. வலப்பக்கம் அப்பா, இடப்பக்கம் அம்மா. 304இல் சீட்டுப் போடுவதும் இறக்குவதும் வலப்பக்கமாகவே சுற்றும். ஆகவே மாமிக்குப் பிறகு அப்பா, அப்பாவுக்குப் பிறகு நான், எனக்குப் பிறகு அம்மா. அடுத்த நான்கு ஆண்டுகளும் இந்த ஒழுங்கு மாறவில்லை.

நடுவில் ஜாம் போத்தல் விளக்கு. அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் ஊறிய மண்ணெண்ணெய், கம்பியில் தொங்கும் ஒரு திரி. அரைப் போத்தல் எண்ணெயில் வாரம் ஓட்டிய காலம் என்பதால் ஆட்டத்துக்கென்று தனி விளக்கு கிடையாது. நான் படித்து முடித்த பிறகு அதே விளக்கு பாய்க்கு வரும். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேநீர் குடிப்போம். புள்ளிக்கணக்குக்குப் புளியங்கொட்டை, சோடிக்குப் பத்து. இத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்டதை எடுத்தால் மற்றச் சோடியிடமிருந்து ஒன்று வரும். கேட்டுவிட்டு விழுந்தால் இரண்டு போகும். 200க்கு மேல் கேட்டவர்களுக்கு லாபமும் கூட, நட்டமும் கூட. பத்தும் இழந்த சோடி அன்றைக்குத் தேநீர்க் கோப்பைகளைக் கழுவ வேண்டும்.

கட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 304க்கு ஐம்பத்திரண்டும் தேவையில்லை. ஏழு முதல் ஏஸ் வரை 32 சீட்டுகள் போதும். மிச்சம் இருபதையும் நூலால் கட்டி வைத்திருந்தோம். அவற்றுக்கும் வேலை இருந்தது. எங்கள் உருவித்தன் (டைமண்ட்) எட்டு எப்போதோ தொலைந்துவிட்டது. அந்த இடத்தை உருவித்தன் ஐந்து எடுத்துக்கொண்டது. ஆட்டின் (ஹார்ட்) ஒன்பதும் இல்லை. அதற்கு ஆறு வந்தது. தலைகீழாகப் பிடித்தால் சரிதான் என்பார் அம்மா. கடையில் புதிய கட்டு வாங்குகிற காலம் அல்ல அது. இருந்ததிலேயே பெரிய சிக்கல், கலாவரை (கிளப்) ஒன்பது. அதன் ஒரு மூலை கிழிந்திருந்தது. முதுகைப் பார்த்தே அது எது என்று நால்வருக்கும் தெரியும். அந்தச் சீட்டு யாருக்குப் போகிறதோ அவர் கிழிந்த மூலையைக் கட்டைவிரலால் மூடிப் பிடிக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். மற்றவர்கள் அதைத் தேடிப் பார்க்கக்கூடாது என்பது மாமியின் சட்டம்.

ஒரு கிழிந்த மூலைக்கு இவ்வளவு கட்டுப்பாடா என்று கேட்கலாம். 304 விளையாடியவர்கள் கேட்க மாட்டார்கள். இந்த விளையாட்டின் உயிரே மறைவில்தான் இருக்கிறது. முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு. அந்த நான்கை மட்டும் பார்த்துக் கேள்வி தொடங்கும். எங்கள் பாயில் 160இலிருந்து பத்துப் பத்தாக ஏறும். பாதி 152 என்பதால் கேட்கிறவர் பாதிக்கு மேல் எடுப்பதாக வாக்குக் கொடுக்கிறார். கூடக் கேட்டவர் தன் நான்கில் ஒன்றைத் துரும்பாகக் கவிழ்த்து வைப்பார். துரும்பு வகையின் சின்னச் சீட்டும் மற்ற வகைகளின் பெரிய சீட்டை வெட்டும். அதன் பிறகுதான் அடுத்த நான்கு வரும். அந்தத் துரும்பு எந்த வகை என்பது வைத்தவரைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது. எதிரிக்குத் தெரியாமல் இருப்பது நியாயம். எதிரே இருக்கிற கூட்டாளிக்கும் தெரியாது என்பதுதான் 304. தன் பக்கம் வெல்வதற்கு எது வழி என்று தெரியாமலே அவர் தன் பக்கத்துக்காக விளையாடத் தொடங்க வேண்டும்.

இனி வருவதுதான் நான் இந்தக் கட்டுரையை எழுதுவதற்கே காரணமான விதி. இறக்கிய வகை உங்கள் கையில் இல்லாவிட்டால் வேறொரு சீட்டைக் கவிழ்த்துப் போடுகிறீர்கள். துரும்பாக இருக்கும் என்று நம்பியும் போடலாம், துரும்பாக இராது என்று நம்பியும் போடலாம். சுற்று முடிந்ததும் கவிழ்த்துப் போட்டதைத் துரும்பு வைத்தவர் மட்டும் எடுத்துப் பார்ப்பார். அது துரும்பென்றால் தன் துரும்பைத் திறந்து காட்டி, பிடியை, அதாவது அந்தச் சுற்றின் நான்கு சீட்டுகளையும், வெட்டியவருக்குக் கொடுப்பார். இல்லையென்றால் கவிழ்த்தபடியே திருப்பி வைப்பார். என்ன போட்டீர்கள் என்பது உங்களுக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். பேச்சுக்கும் கண்ணசைவுக்கும் இடம் தராத விளையாட்டில், கூட்டாளிகள் இருவர் விதிப்படியே ஒரு இரகசியம் பேசிக்கொள்கிற இடம் இது. நான் வேறு சில சீட்டு விளையாட்டுகளும் பழகியிருக்கிறேன். இப்படி ஒன்றை எதிலும் கண்டதில்லை.

மாமி என் சீட்டை எடுத்துப் பார்க்கும் நொடியை நான் இன்னும் பயத்தோடுதான் நினைக்கிறேன். விளக்குக்குச் சற்றுச் சாய்த்துப் பார்ப்பார். முகத்தில் ஒரு கோடும் அசையாது. நான் என்ன நினைத்தேன், எதை எண்ணாமல் விட்டேன், எதற்கு ஆசைப்பட்டேன் என்பதெல்லாம் அந்தச் சீட்டில் எழுதியிருப்பதுபோல வாசிப்பார். பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியரும் என் விடைத்தாளை அப்படிப் பார்த்ததில்லை.

விளையாடத் தொடங்கி இரண்டு மூன்று கிழமைதான் இருக்கும். மாமி 170 கேட்டுத் துரும்பு வைத்திருந்தார். அப்பா இஸ்கோப்பன் (ஸ்பேட்) ஏஸை இறக்கினார். என் கையில் இஸ்கோப்பன் இல்லை. மாமி கடைசிக் கை. அவரிடமும் இஸ்கோப்பன் இராது, அவர் எப்படியும் வெட்டிவிடுவார் என்று என் மனம் அடித்துச் சொன்னது. ஏன் அப்படி நினைத்தேன் என்று கேட்டால் எந்தக் கணக்கும் இல்லை. மாமியால் முடியாதது ஒன்றும் இல்லை என்ற எண்ணம்தான். அவர் வெட்டுகிற பிடிக்குள் புள்ளி சேர்க்க வேண்டுமே என்று உருவித்தன் பத்தைக் கவிழ்த்துப் போட்டேன். அம்மா ராசாவைப் போட்டார். மாமி தன் கையிலிருந்த ஒரே இஸ்கோப்பனை, ஒரு ஏழை, மெதுவாக வைத்தார். பிறகு என் சீட்டை எடுத்துப் பார்த்தார். கவிழ்த்தபடியே திருப்பி வைத்தார். அப்பா நான்கையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முடிவில் எண்ணிப் பார்த்தபோது எங்களுக்கு 164. அந்தப் பத்து எங்களிடம் இருந்திருந்தால் 174. இரண்டு புளியங்கொட்டைகளை மாமி எண்ணி அப்பாவிடம் கொடுத்தார். என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் அன்றிரவு கோப்பை கழுவும்போது அழுதேன்.

வேப்பமரத்தடி ஆட்டத்தில் இந்த மௌனம் இருக்கவில்லை என்று அப்பா சொல்வார். அங்கே சைகைகள் உண்டு. காதைத் தொட்டால் ஒரு வகை, சீட்டைத் தட்டி அடுக்கினால் இன்னொரு வகை, செருமினால் ஜாக் இருக்கிறது. எல்லாச் சோடிக்கும் ஒரு பாஷை. மற்றச் சோடியின் பாஷையைக் கண்டுபிடிப்பதே பாதி விளையாட்டு. நான்கு சீட்டில் கேள்வி கேட்கும்போது கொஞ்சம் யோசிப்பதுபோல நிறுத்துவது, சீட்டைப் பாயில் அறைந்து போடுவது, எல்லாமே செய்தி. அப்பா ஓரிருமுறை வீட்டிலும் அதைத் தொடங்கப் பார்த்தார். அம்மா 160 கேட்டதும் அவர் மீசையை நீவினார். மாமி சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “தம்பி, மீசையில் என்ன இருக்கிறது?” என்று கேட்டார். அந்தக் கையைக் கலைத்து மறுபடி போடவைத்தார்.

சைகையில் வெல்பவர்களை நான் பிறகு நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களோடு விளையாடியும் இருக்கிறேன். கூட்டாளிக்குச் சைகை காட்டுகிறவர், அவருடைய புத்தியை நம்பாதவர் என்பதே என் எண்ணம். நூறு முறை சேர்ந்து விளையாடிய இருவருக்கு ஒருவர் இறக்கும் சீட்டே போதும். மாமி ஒரு வகையில் எட்டைப் போட்டுவிட்டு அடுத்த சுற்றில் அதே வகையில் ஏழைப் போட்டால், ஏன் தலைகீழாகப் போட்டார் என்று நான் யோசிக்கத் தொடங்கிவிடுவேன். அப்பா அந்த எட்டையும் ஏழையும் பார்க்கிறார், அம்மாவும் பார்க்கிறார். எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நடக்கிற அந்தப் பேச்சில் கள்ளம் இல்லை.

விளையாட்டின் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று எனக்கு அக்கறை பிறந்தது வளர்ந்த பிறகு. இஸ்கோப்பன், ஆட்டின், கலாவரை, உருவித்தன் என்று நாங்கள் சொன்னவற்றை ஒல்லாந்தர் ஸ்கொப்பன், ஹார்ட்டன், கிளாவரன், ரெயிட்டன் என்கிறார்கள். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் 1795இல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை ஊரை ஆண்டார்கள். கந்தோர், துட்டு, நாங்கள் சீட்டுக்கட்டு வைத்திருந்த அந்த லாச்சி உட்பட எத்தனையோ சொற்களை விட்டுப் போனார்கள். சீட்டு வகைகளின் பெயர்களும் அந்த வழியில் வந்தவை. ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் விளையாட்டிலும் நால்வர் இரண்டு சோடி, ஏழு முதல் ஏஸ் வரை 32 சீட்டு, ஆளுக்கு எட்டு. அங்கும் ஜாக்தான் பெரிது, அடுத்தது ஒன்பது. ஒரு வித்தியாசம்: அங்கே துரும்பு வகையில் மட்டும்தான் ஜாக்குக்கும் ஒன்பதுக்கும் அந்தப் பட்டாபிஷேகம், 20, 14 என்று புள்ளி. மற்ற வகைகளில் ஏஸ்தான் ராசா. எங்கள் விளையாட்டிலோ நான்கு வகையிலும் ஜாக்கும் ஒன்பதும் முதலிடம். நான்கு ஜாக், நான்கு ஒன்பது, எட்டுச் சீட்டுகளில் மட்டும் 200 புள்ளி. துரும்பு எது என்று தெரியாமல் விளையாடும் விளையாட்டில் வகைக்கு வகை வரிசை மாறினால் ஒருவரும் ஒன்றையும் மதிப்பிட முடியாது. எல்லா வகையும் ஒரே வரிசையில் நின்றால்தான் மறைவு தாங்கும். யாரோ ஒருவர், அல்லது பல தலைமுறை ஆட்கள், இதை யோசித்துத்தான் மாற்றியிருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

கேரளத்தில் இருபத்தெட்டு விளையாடுகிறார்கள். ஜாக் 3, ஒன்பது 2, ஏஸும் பத்தும் ஒவ்வொன்று. வகைக்கு ஏழாக 28. அங்கும் துரும்பு கவிழ்ந்துதான் கிடக்கும். 304இன் தம்பி என்று சொல்லலாம். கணக்கு எளிது, ஆட்டம் விரைவு. ஆனால் ராசாவின் மூன்றும் ராணியின் இரண்டும் இல்லாத ஆட்டத்தில் கடைசிப் பிடியில் ஒரு ராணியால் கரையேறுகிற சுகம் கிடையாது.

மாமிக்கு இந்த வரலாறு ஒன்றும் தேவைப்படவில்லை. அவருக்குப் பிடித்தது துரும்பு என்ற சொல். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்கிற பழமொழியை அவர் வைக்கோல் துரும்பாக ஒருநாளும் எடுத்துக்கொண்டதில்லை. “ஏழுதானே என்று எறியாதே. அது என்ன வகை என்று உனக்கு எப்படித் தெரியும்?” என்பார்.

அதை நான் புரிந்துகொண்ட இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழைக்காலம். கூரை ஓட்டில் ஒரு இடத்தில் ஒழுகி, பாயை இரண்டு முறை நகர்த்திவிட்டோம். மாமி சீட்டுப் போட்டார். அப்பா 160 கேட்டார். நானும் அம்மாவும் விட்டோம். மாமி 170 என்றார். அப்பா 180, மாமி 190. அப்பா விட்டார். மாமி ஒரு சீட்டைப் பாயின் ஓரத்துக்குக் கீழே கவிழ்த்து வைத்தார். அடுத்த நான்கும் வந்தன. அப்பா வழக்கம்போலத் தொடையில் தட்டிவிட்டு இஸ்கோப்பன் ஜாக்கை இறக்கினார்.

மறுபடியும் என்னிடம் இஸ்கோப்பன் இல்லை. கையில் ஆட்டின் நான்கு: ஜாக், ஏஸ், ராணி, எட்டு. உருவித்தன் மூன்று: பத்து, ராசா, எட்டு என்று நாங்கள் ஏற்றுக்கொண்ட அந்த ஐந்து. கலாவரையில் ஒரே ஒரு ஏழு. இந்த முறை மனம் சொன்னதை நான் கேட்கவில்லை, எண்ணினேன். ஆட்டின் பாதி என்னிடம், அதுவும் ஜாக்கோடு. ஆகவே மாமி ஆட்டினில் 190 கேட்டிருக்க மாட்டார். உருவித்தனில் மூன்று என் கையில், வெளியே ஐந்துதான். கலாவரையில் வெளியே ஏழு. கலாவரையாக இருக்கத்தான் இடம் அதிகம். அப்படி இல்லாவிட்டாலும் ஏழுக்குப் புள்ளி இல்லை, நட்டமும் இல்லை. கலாவரை ஏழைக் கவிழ்த்துப் போட்டேன்.

அம்மா ஜாக்கை நம்பி இஸ்கோப்பன் பத்தைத் தன் கணவருக்குச் சேர்த்துப் போட்டார். மாமி எட்டைப் போட்டார். அப்பா பிடியை எடுக்கக் கையை நீட்டிவிட்டார். “பொறு” என்று சொல்லிவிட்டு மாமி என் சீட்டை எடுத்து விளக்குக்குச் சாய்த்தார். வழக்கமாக ஒரு நொடி பார்ப்பவர் அன்று மூன்று நான்கு நொடி பார்த்தார். பிறகு பாயின் ஓரத்தைத் தூக்கிக் கீழே கிடந்த கலாவரை ராசாவை எடுத்துத் திறந்து வைத்தார். அதற்குப் பக்கத்தில் என் ஏழை வைத்தார். புள்ளியே இல்லாத ஒரு சீட்டு 40 புள்ளியை அள்ளியது. அப்பா, “அடி சக்கை” என்று சொன்னது பக்கத்து வளவுக்கும் கேட்டிருக்கும். மாமி பிடியை எனக்கு முன்னால் தள்ளினார். அவர் தள்ளவேண்டியதே இல்லை, வெட்டியவர் நான்தான், நானே எடுத்திருக்கலாம். ஆனாலும் தள்ளினார்.

இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விட்ட ஒரு பகுதி உண்டு. நான் எண்ணிக்கொண்டிருந்தபோது என் கண் மாமியின் கையில் விரிந்திருந்த சீட்டுகளின் முதுகில் நின்றது. கட்டைவிரலுக்கு மேலே கிழிந்த மூலை தெரிந்ததா? தெரிந்ததுபோல ஒரு நினைவு. அவரிடம் கலாவரை ஒன்பது இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்ததா, அல்லது அவர் பின்னால் அதை இறக்கிய பிறகு என் நினைவு அந்த மூலையை முன்னே கொண்டுபோய் வைத்துக்கொண்டதா? முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. எண்ணினேன் என்பது உண்மை. எண்ணியதனால் மட்டும்தான் போட்டேனா என்பதை யாராவது சத்தியம் செய்யச் சொன்னால் என்னால் செய்ய முடியாது.

1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து, எங்கள் ஊர் இருக்கும் வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்களும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். காணி உறுதி, இரண்டு பானை, அரிசி, அம்மாவின் தையல் இயந்திரத்தின் தலை. சீட்டுக்கட்டு லாச்சியிலேயே இருந்துவிட்டது.

பிறகு நான் லண்டனுக்கு வந்தேன். இங்கே பழைய மாணவர் சங்கங்களின் ஒன்றுகூடல்களில் 304 போட்டி வைப்பார்கள். மண்டபத்தில் இருபது மேசை போட்டு, பளபளக்கும் புதிய கட்டுகளோடு. ஆண்கள் கூட்டம்தான் இன்னும். சில முறை போயிருக்கிறேன். நன்றாக விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்குச் சேர்த்துவிடும் கூட்டாளியோடு மூன்று ஆட்டம் விளையாடிவிட்டு எழுவது எனக்கு ஒத்துவரவில்லை. ஒருவர் எட்டுக்குப் பிறகு ஏழைப் போடுவதற்குக் காரணம் உண்டா, இல்லை கவனக்குறைவா என்று தெரிந்துகொள்ளவே ஒரு வருடம் வேண்டும்.

அப்போதுதான் வேலையிடத்தில் டர்பனில் பிறந்த ஒருவர் எங்கள் பகுதிக்கு மாற்றலாகி வந்தார். பெயரில் தமிழ் இருந்தது, பேச்சில் இருக்கவில்லை. கொள்ளுப்பாட்டனார் மதராசிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர் என்றார். அந்த வழியில் முதல் கப்பலான ட்ரூரோ 1860 நவம்பர் 16இல் டர்பனை அடைந்தது. 1911வரை ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு மதிய இடைவேளையில் பேச்சு சீட்டுக்குத் திரும்பியது. அவர் தங்கள் ஊரில் தன்னி விளையாடுவோம் என்றார். எப்படி என்று கேட்டேன். நால்வர், இரண்டு சோடி என்று சொல்லிவிட்டு விரலை மடக்கத் தொடங்கினார். ஜாக் முப்பது. ஒன்பது இருபது. ஏஸ் பதினொன்று. பத்துக்குப் பத்து. நான் குறுக்கே புகுந்து, ராசா மூன்று, ராணி இரண்டு என்று முடித்தேன். இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

எட்டும் ஏழும் அவர்கள் ஆட்டத்தில் இல்லை. 24 சீட்டு, ஆளுக்கு ஆறு. புள்ளியில்லாத சீட்டுகளைத்தானே விட்டார்கள், ஆகவே மொத்தம் அதே 304. ராசாவும் ராணியும் ஒரே வகையில் சேர்ந்திருந்தால் ‘ஜோடி’ என்று அறிவிக்கிறார்கள். வெற்றியைப் பந்து என்று எண்ணுகிறார்கள். எல்லாப் பிடியும் நானே எடுப்பேன் என்று சவால் விடுகிறவர் சொல்லும் சொல்தான் ‘தன்னி’. விளையாட்டுக்கும் அதுவே பெயர். தண்ணி என்ற நம் சொல்லே அப்படித் திரிந்தது என்று அங்கே சொல்லப்படுகிறது. மொழி போன பிறகும் அந்தப் புள்ளி வரிசை போகவில்லை. என் ஏழு அவர்களிடம் இல்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது. அதைச் சொன்னேன். “அப்படியானால் உங்கள் ஆட்டத்தைக் கற்றுக்கொடுங்கள்” என்றார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் வருகிறார். என் கணவரும் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு மட்டக்களப்புக்காரரும் மற்றச் சோடி.

மாமி ஊரில்தான் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். போன மாதம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, இத்தனை காலம் கழித்து அந்தக் கிழிந்த மூலையைப் பற்றிச் சொன்னேன். மழை, ஒழுகிய ஓடு, இஸ்கோப்பன் ஜாக், கலாவரை ஏழு, எல்லாம் சொன்னேன். பார்த்தேனா இல்லையா என்று தெரியவில்லை மாமி என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். அப்படி ஒரு கை தனக்கு நினைவே இல்லை என்றார்.

“எனக்கு நினைவிருப்பது அந்தப் பத்து” என்றார்.

எந்தப் பத்து என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. ஆனாலும் கேட்டேன்.

“உருவித்தன் பத்து. கையில் ஒரு இஸ்கோப்பன் இருந்தது, போட்டேயாக வேண்டும். போட்டுவிட்டு உன் சீட்டைத் தூக்கிப் பார்க்கிறேன், பத்து. மாமி வெட்டுவார் என்று பிள்ளை பத்தைப் போட்டிருக்கிறது. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.”

பிறகு ஊரில் மழை தொடங்கிவிட்டதைச் சொன்னார். கிணற்றில் நீர் மட்டம் ஏறியதைச் சொன்னார். வைக்கப்போகிற நேரத்தில், “இப்போது உனக்கு எதிரே யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டார். டர்பன்காரரைப் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

“ஏழை எறிகிறாரா, வைத்திருக்கிறாரா?”

“இப்போதுதான் வைத்திருக்கப் பழகுகிறார், மாமி” என்றேன்.